பிஞ்சில் பழுக்க வைத்தது யார்?

கேள்வி இது: "போர் முடிந்து வேலை, வீடு, கார் என்று வசதி பெருகிய 1950களில் அமெரிக்கப் பதின்வயதுப் பிள்ளைகள் ஏன் அடங்காதவர்கள் ஆனார்கள்? கள்ளமறியாத பருவம் என்ற ஒன்று அப்போதுதான் பறிபோனது என்கிறார்களே, அதற்குக் காரணம் சினிமாவா, பாட்டா, காமிக்ஸா?"

இந்தக் கேள்விக்குள் ஒரு படம் ஒளிந்திருக்கிறது. தோல் ஜாக்கெட், எண்ணெய் வழிய வாரிய தலை, மோட்டார் சைக்கிள், உதட்டோரம் சிகரெட். அந்தப் பத்தாண்டைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் அந்தப் பையன் வந்து நின்றுவிடுகிறான். அவன் கற்பனை இல்லை, இருந்தான். ஆனால் அவனைவிட அவனைப் பற்றிய பயம் பல மடங்கு பெரிதாக இருந்தது. அந்தப் பயம் கைகாட்டிய இடம் ஒன்று, நிஜமாகவே பிள்ளைகள் அடங்க மறுத்த இடம் வேறொன்று. 1954ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் முதலாவதைப் பற்றிய விசாரணையும் இரண்டாவதைப் பற்றிய தீர்ப்பும் சில வார இடைவெளியில் வந்தன. இரண்டிலும் ஒரே மருத்துவருக்குப் பங்கு இருந்தது. அதனால் இந்தப் பதிலை அந்த ஆண்டைச் சுற்றியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறைத் திருத்திவிடுகிறேன். 1950களின் கலகக்காரர்களைப் 'போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை' என்று பலரும் எழுதுகிறார்கள். கணக்கு உதைக்கிறது. 1946இல் பிறந்த பிள்ளைக்கு 1955இல் ஒன்பது வயதுதான். அந்த ஆண்டில் பதினாறு வயதில் இருந்தவர்கள் 1939 வாக்கில் பிறந்தவர்கள், அதாவது பொருளாதாரப் பெருமந்தத்தின் கடைசி ஆண்டுகளில். பலருக்கு நினைவு தெரிந்தபோது அப்பா போர்முனையில் இருந்தார், அம்மா தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எண்ணிக்கையில் அது சிறிய தலைமுறை. ஆனால் முந்தைய தலைமுறைகளுக்கு இல்லாத ஒன்று அவர்களுக்கு இருந்தது: பதினெட்டு வயதுவரை ஒரே வயதினரோடு ஒரே கட்டடத்தில் அடைந்து கிடக்கும் உயர்நிலைப் பள்ளி. அதற்கு முன்பு பதினைந்து வயதுப் பையன் வயலிலோ பட்டறையிலோ பெரியவர்களுக்கு நடுவே நின்றான். அவர்களைப் பார்த்தே பேசவும் புகைக்கவும் கற்றான். இப்போது அவன் தன் வயதினரைப் பார்த்துக் கற்கத் தொடங்கினான். 'டீன்ஏஜர்' என்ற சொல் அமெரிக்கப் பத்திரிகைகளில் பரவலானதே 1940களில்தான். அவர்களுக்கென்றே தனிப் பத்திரிகைகள் வந்தன. 1954 கடைசியில் சட்டைப்பைக்குள் அடங்கும் டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. விலை ஐம்பது டாலருக்கு ஐந்து காசு குறைவு. மலிவென்று சொல்ல முடியாது. ஆனாலும் கூடத்து ரேடியோவுக்குக் காவலிருந்த அப்பாவின் அதிகாரம் அதோடு ஆட்டம் காணத் தொடங்கியது.

எல்விஸ் பிரெஸ்லியின் இடுப்பைப் பற்றி ஊர் உலகமே பேசியாகிவிட்டது. 1957 ஜனவரியில் தொலைக்காட்சியில் அவரை இடுப்புக்கு மேல் மட்டும் காட்டினார்கள், அடுத்த ஆண்டு ராணுவத்தில் சேர்த்து முடியை வெட்டினார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. காமிக்ஸ் கதைதான் ருசியானது, பெரியவர்களின் மனசை அதைப்போல் வேறெதுவும் காட்டிக்கொடுக்கவில்லை.

தொலைக்காட்சி வீடுதோறும் வராத அந்த ஆண்டுகளில் பத்துக் காசு கொடுத்தால் ஒரு படக்கதைப் புத்தகம். மாதம் பல கோடிப் பிரதிகள் விற்றன. பெற்றோர் கேட்காமல், ஆசிரியர் சொல்லாமல், பிள்ளை தன் காசில் தானே தேர்ந்தெடுத்து வாங்கிய முதல் சரக்கு அது என்று சொன்னால் பெரிய தவறாகாது. கோபத்தின் வேரே அதுதான் என்பது என் எண்ணம். புத்தகத்துக்குள் இருந்த ரத்தம் அப்புறம்தான். 1948 அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சர் என்ற சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே ஊர் முழுக்கக் காமிக்ஸ் சேகரித்து, சுமார் இரண்டாயிரம் புத்தகங்களைப் பள்ளி மைதானத்தில் குவித்துத் தீ வைத்தார்கள். அதே டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் இன்னொரு சொக்கப்பனை. ஜெர்மனியில் புத்தகம் எரித்தவர்களோடு போரிட்டு முடித்து மூன்றே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இந்த எரிச்சலுக்கு அறிவியல் சட்டை போட்டுவிட்டவர் ஃபிரெட்ரிக் வெர்தாம். ஜெர்மனியில் பிறந்து 1920களில் அமெரிக்கா வந்த மனநல மருத்துவர். 1954இல் அவர் எழுதிய நூல் பெற்றோர்களிடையே பற்றிக்கொண்டது. அதன் தலைப்பே கள்ளமறியாதவர்களை மயக்கிக் கெடுப்பது என்று பொருள்படும். குற்றம் செய்து தன்னிடம் வந்த சிறுவர்கள் எல்லோரும் காமிக்ஸ் படித்தவர்கள் என்பது அவருடைய வாதத்தின் மையம். உண்மைதான். ஆனால் அன்றைக்கு அமெரிக்காவில் காமிக்ஸ் படிக்காத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜெயிலில் இருப்பவர்கள் எல்லோரும் சோறு சாப்பிட்டவர்கள் என்பதைப் போன்ற சான்று அது. அவருடைய மருத்துவக் குறிப்புகள் காங்கிரஸ் நூலகத்தில் பூட்டிக் கிடந்தன, 2010இல்தான் திறக்கப்பட்டன. கரோல் டில்லி என்ற நூலகவியல் ஆய்வாளர் அவற்றை நூலோடு ஒப்பிட்டு 2012இல் கட்டுரை எழுதினார். பிள்ளைகளின் வயதை மாற்றியிருக்கிறார், பலர் சொன்னதை ஒருவன் சொன்னதாக ஒட்டியிருக்கிறார், வீட்டில் அடி, குடி, வறுமை என்று வேறு காரணங்கள் இருந்த இடங்களில் அவற்றை விட்டுவிட்டிருக்கிறார் என்று வரிவரியாகக் காட்டினார்.

1954 ஏப்ரல் 21. நியூயார்க் ஃபோலி சதுக்கத்து நீதிமன்றக் கட்டடம். இளம் குற்றவாளிகள் பிரச்சினையை ஆராயும் செனட் துணைக்குழு காமிக்ஸ் தொழிலை விசாரித்தது. வெர்தாம் சாட்சி சொன்னார். காமிக்ஸ் தொழிலோடு ஒப்பிட்டால் ஹிட்லர் கற்றுக்குட்டி என்று சொல்லும் அளவுக்குப் போனார். அதே நாளில், தானாகவே முன்வந்து சாட்சி சொன்னவர் வில்லியம் கெயின்ஸ். முப்பத்திரண்டு வயது, குண்டான உடம்பு, கண்ணாடி. திகில் கதைகளில் கொடிகட்டிப் பறந்த ஈ.சி. நிறுவனத்தின் முதலாளி. இந்தத் தொழில் அவர் தேடிப் போனதில்லை. வேதியியல் ஆசிரியராக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தவர். 1947இல் அப்பா படகு விபத்தில் இறந்ததால் கடை இவர் தலையில் விழுந்தது. பைபிள் கதைகளைப் படமாகப் போட்டு விற்றவர் அப்பா, ஈ.சி. என்பதன் முதல் எழுத்தே தொடக்கத்தில் 'கல்வி' என்பதைத்தான் குறித்தது. மகன் அதைப் 'பொழுதுபோக்கு' ஆக்கிவிட்டுக் கல்லறைக் கதைகளுக்குள் இறங்கினார்.

எல்லை எது என்று குழுவின் வழக்கறிஞர் கேட்டார். என் ரசனையின் வரம்புதான் எல்லை என்றார் கெயின்ஸ். அப்போதுதான் டென்னசி மாநில செனட்டர் எஸ்டிஸ் கீஃபாவர் ஒரு புத்தகத்தை எடுத்து உயர்த்திப் பிடித்தார். அட்டையில் ஒரு கையில் ரத்தம் தோய்ந்த கோடாலி, மறு கையில் முடியைப் பிடித்துத் தூக்கிய ஒரு பெண்ணின் வெட்டுண்ட தலை. இது நல்ல ரசனையா என்று கேட்டார். திகில் புத்தகத்தின் அட்டை என்ற அளவில் நல்ல ரசனைதான் என்றார் கெயின்ஸ். அதோடு நிறுத்தியிருக்கலாம். தலையை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கி, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவது தெரியும்படி வரைந்திருந்தால் அது கெட்ட ரசனை என்று விளக்கமும் கொடுத்தார். வாயில் ரத்தம் வருகிறதே என்றார் கீஃபாவர். கொஞ்சம்தான் என்று ஒப்புக்கொண்டார். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் அவர் மானம் போயிருந்தது.

அந்த உரையாடலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வரும். தன் சரக்கைச் சிறுவர்கள் வாங்குகிறார்கள் என்று தெரிந்தும் கெட்ட ரசனையைச் சொட்டுக் கணக்கில் அளந்துகொண்டிருக்கிறார் ஒருவர். தேசியத் தேர்தலில் கண்வைத்து, கேமரா பார்க்கும்படி அட்டையைத் தூக்கிப் பிடிக்கிறார் மற்றவர். நடுவில் பிள்ளை எங்கே? நாங்கள் படித்துக் கெட்டுப்போகவில்லை, இது வெறும் கதை என்று எங்களுக்குத் தெரியும் என்று குழுவுக்குக் கடிதம் எழுதிய பிள்ளைகளும் இருந்தார்கள். கடிதங்கள் கோப்பில் இருக்கின்றன. சாட்சிக் கூண்டில் ஒரு பிள்ளையைக்கூட ஏற்றவில்லை.

துணைக்குழு சட்டம் எதுவும் கொண்டுவரவில்லை. வேண்டியிருக்கவும் இல்லை. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே சேர்ந்து அந்த அக்டோபரில் ஒரு நெறிமுறைத் தொகுப்பை எழுதிக்கொண்டார்கள், தணிக்கைக்கு ஒரு நீதிபதியையும் அமர்த்தினார்கள். இனிமேல் தலைப்பில் 'திகில்', 'பயங்கரம்' என்ற சொற்கள் கூடாது. ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், நடமாடும் பிணம் கூடாது. எந்தக் கதையிலும் நல்லவன்தான் வெல்ல வேண்டும். இதுவரைக்கும் சரி, பிணத்துக்கு வாதாட நான் வரவில்லை. ஆனால் அடுத்து வருவதைப் பாருங்கள்: போலீஸ்காரர், நீதிபதி, அரசு அதிகாரி யாரையும் மதிப்புக் குறையும்படி காட்டக் கூடாது. பெற்றோரிடம் மரியாதையை வளர்க்க வேண்டும். பேய்க்குப் பயந்து தொடங்கிய வேலை, அதிகாரிக்குக் கும்பிடு போடுவதில் முடிந்தது. நெறிமுறைக்கு உட்பட்டது என்ற முத்திரை இல்லாத புத்தகத்தை மொத்த வியாபாரிகள் எடுக்க மறுத்ததால் சிறிய நிறுவனங்கள் பல இழுத்து மூடின.

இந்தப் பயம் கப்பலேறி வெளிநாடுகளுக்கும் போனது. அதே 1954 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கோர்பல்ஸ் என்ற தொழிலாளர் பகுதியில், ஒரு மாலை நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். கையில் தடி, கத்தி, கூரிய குச்சி. ஏழடி உயரம், இரும்புப் பற்கள் கொண்ட ரத்தக்காட்டேரி ஒன்று இரண்டு சிறுவர்களைத் தின்றுவிட்டது, அதைக் கொல்லப் போகிறோம் என்றார்கள். பின்னால் இருந்த இரும்பு ஆலையின் தீ வானத்தைச் சிவப்பாக்கிக் காட்சிக்கு வெளிச்சம் போட்டது. ஊரில் எந்தச் சிறுவனும் காணாமல் போகவில்லை. பத்திரிகைகள் உடனே அமெரிக்கக் காமிக்ஸ் மீது பழி போட்டன. இரும்புப் பல் அரக்கன் எந்தக் காமிக்ஸில் இருக்கிறான் என்று யாராலும் காட்ட முடியவில்லை. பைபிளில் தானியேல் நூலில் இரும்புப் பற்களுள்ள மிருகம் வருகிறது. ஸ்காட்லாந்துப் பள்ளிப் பாட்டு ஒன்றிலும் இரும்புப் பல் கிழவி வருகிறாள். அந்த மாலையை நினைத்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் கெட்டுப்போனவர்களாக எனக்குத் தெரியவில்லை. ஊரில் பேய் வந்துவிட்டது, பெரியவர்கள் ஒன்றும் செய்யவில்லை, நாமே பார்த்துக்கொள்வோம் என்று கிளம்பியவர்கள். இதைவிட வெகுளித்தனம் எங்கே கிடைக்கும்?

ஆனாலும் சட்டம் வந்தது. கம்யூனிஸ்டுகள், ஆசிரியர் சங்கம், தேவாலயம் என்று ஒரு மேசையில் உட்காராதவர்கள் எல்லாம் சேர்ந்து கேட்டதன் பேரில், 1955இல் பிரிட்டன் சிறுவர்க்குத் தீங்கான வெளியீடுகளைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டே, 1956இல், டெல்லி நாடாளுமன்றமும் ஏறத்தாழ அதே பெயரில், அதே வாசகங்களில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. குற்றம், வன்முறை, அருவருப்பான சம்பவம் ஆகியவற்றைச் சித்திரிக்கும் கதை, 'கையில் எடுக்கும் இளையவரைக் கெடுக்கும் போக்குடையது' என்றால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு வேறுபாடு கண்ணில் படும்: இந்தியச் சட்டத்தில் 'இளையவர்' என்றால் இருபது வயதுக்கு உட்பட்டவர். பத்தொன்பது வயதில் கைக்குழந்தையோடு குடும்பம் நடத்தும் பெண்ணுக்கும் பேய்க்கதை ஆகாது! கணக்குப் புத்தகத்துக்குள் துப்பறியும் நாவலைச் செருகிப் படித்து வளர்ந்தவன் நான். நியூயார்க் நீதிமன்றத்துக் கோடாலி அட்டையின் நிழல் என் மேசைவரை விழுந்திருந்தது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

இந்த இடத்தில் வெர்தாமின் மறுபக்கத்தைச் சொல்லாமல் போனால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன். 1946இல் அவர் ஹார்லெமில், ஒரு தேவாலயத்தின் நிலவறையில், கறுப்பின மக்களுக்காக மனநல மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். கட்டணம் இருபத்தைந்து காசு, அதுவும் கொடுக்க முடிந்தவர்களுக்கு. சம்பளமில்லாமல் மருத்துவர்கள் வேலை பார்த்தார்கள். கறுப்பின நோயாளிகளைச் சேர்க்கவே பல மருத்துவமனைகள் தயங்கிய காலம். டெலவேர் மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப்பள்ளியில் வைப்பதை எதிர்த்து வழக்கு நடந்தபோது அந்தப் பிள்ளைகளை இங்கே வரவழைத்துச் சோதித்தார். பிரித்து வைப்பதே பிள்ளையின் மனத்தைக் காயப்படுத்துகிறது, வெள்ளைப் பிள்ளைக்கும் அது கெடுதல் என்று 1951இல் நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார். நீதிபதி அதை ஏற்றார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1954 மே 17இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பில் போய்ச் சேர்ந்தது. காமிக்ஸ் விசாரணையின் அமர்வுகள் ஏப்ரல் 21, 22, ஜூன் 4. இரண்டு அமர்வுகளுக்கு நடுவே இந்தத் தீர்ப்பு. ஒரே மருத்துவர் ஒரு இடத்தில் பிள்ளைகளை நேராகப் பார்த்தார், இன்னொரு இடத்தில் புத்தகத்தை மட்டும் பார்த்தார்.

அந்தத் தீர்ப்புக்குள் ஐந்து இடங்களிலிருந்து வந்த வழக்குகள் இருந்தன. அவற்றுள் ஒன்றைத் தொடங்கியது வழக்கறிஞரோ தலைவரோ இல்லை, ஒரு பள்ளி மாணவி. உண்மையான கலகம் என்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

வர்ஜீனியாவின் ஃபார்ம்வில். மோட்டன் உயர்நிலைப் பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கானது. 1939இல் 180 பேருக்காகக் கட்டியது. 1951இல் படித்தவர்கள் 450க்கும் மேல். இடம் போதவில்லை என்று கேட்டதற்கு, மைதானத்தில் மரச்சட்டம் நட்டுத் தார்க்காகிதம் சுற்றிய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். பார்த்தவர்கள் கோழிக்கூடு என்றார்கள். மழை பெய்தால் வகுப்புக்குள் குடை பிடிக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் வேகுவான், தள்ளி உட்கார்ந்தவன் கோட்டைக் கழற்றாமல் நடுங்குவான். பள்ளி பஸ்கள் வெள்ளையர் பள்ளி ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்டவை.

பார்பரா ஜான்ஸுக்குப் பதினாறு வயது. ஒருநாள் காலையில் தம்பி தங்கைகளைக் கிளப்பி அனுப்பும் அவசரத்தில் தன் பஸ்ஸைத் தவறவிட்டுச் சாலையோரம் நின்றாள். வெள்ளைப் பிள்ளைகளின் பஸ் பாதி காலியாக அவளைக் கடந்து போனது. அவளுடைய பள்ளியைத் தாண்டித்தான் அது போக வேண்டும். நிற்காமல் போயிற்று. அன்றே முடிவெடுத்துவிட்டதாகப் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். அதற்கு முன்பே, பள்ளியின் நிலையைப் பற்றி அவள் புலம்பியபோது இசை ஆசிரியை, நீயே ஏதாவது செய்யக் கூடாதா என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி மனசில் தைத்திருந்தது.

மாதக்கணக்கில் ரகசியமாகத் திட்டம் போட்டார்கள். வீட்டில் மூச்சு விடவில்லை. 1951 ஏப்ரல் 23 அன்று தலைமையாசிரியருக்கு ஒரு தொலைபேசி: உங்கள் மாணவர்கள் இரண்டு பேர் பஸ் நிலையத்தில் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள். அவர் பதறிக் கிளம்பியதும், அவர் பெயரின் முதலெழுத்தைக் கையெழுத்தாகப் போட்ட சீட்டுகள் வகுப்பு வகுப்பாகப் போயின: எல்லோரும் அரங்கத்துக்கு வரவும். பிள்ளைகளும் ஆசிரியர்களும் வந்து அமர்ந்ததும் மேடைத் திரை விலகியது. தலைமையாசிரியர் இல்லை, பார்பரா நின்றாள். ஆசிரியர்கள் வெளியே போகலாம் என்றாள். முணுமுணுப்பு எழுந்தது. காலிலிருந்து ஒரு ஷூவைக் கழற்றிப் பெஞ்சில் ஓங்கி அடித்து, எல்லோரும் வெளியே போங்கள் என்று கத்தினாள். போனார்கள்.

பொய்த் தொலைபேசி, கள்ளக் கையெழுத்து, ஆசிரியர்களை விரட்டியது. எந்தச் செனட் குழுவின் அளவுகோலை வைத்தாலும் இது சரியான இளம் குற்றவாளியின் குணம். எந்தக் காமிக்ஸைப் படித்து இதைக் கற்றாள் என்று யாரும் கேட்கவில்லை.

பள்ளி முழுவதும் வெளியே நடந்தது. வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது. அவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடம் மட்டும்தான். ரிச்மண்டிலிருந்து வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், பிள்ளைகளைச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்பிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்தார்கள். பிள்ளைகளின் பிடிவாதத்தைப் பார்த்து மனம் மாறி, பிரிவினையையே எதிர்ப்பதாக இருந்தால் வழக்குப் போடுகிறோம் என்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களின் பெயரில் மே மாதம் வழக்குத் தாக்கலானது. பள்ளி வளாகத்தில் சிலுவை எரிந்தது, கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் மிரட்டல் அடையாளம். பெற்றோர் பயந்து பார்பராவை அலபாமாவின் மான்ட்கோமரிக்கு, பெரியப்பாவான போதகர் வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைமையாசிரியருக்கு மறு ஆண்டு ஒப்பந்தம் இல்லை.

கள்ளமறியாத பருவம் பறிபோனது பற்றிக் கேட்டீர்கள். 1955 செப்டம்பரில் ஒரு வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். செப்டம்பர் 30 அன்று கலிபோர்னியா நெடுஞ்சாலையில் நடிகர் ஜேம்ஸ் டீன் தன் போர்ஷே காரில் போகும்போது விபத்தில் இறந்தார். இருபத்துநான்கு வயது. சிவப்பு ஜாக்கெட் போட்ட பள்ளிப் பையனாக அவர் நடித்த படம் அடுத்த மாதம் வெளியாகி, அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே விழுந்த விரிசலின் நிரந்தரப் படமாகிவிட்டது. அதற்கு ஏழு நாள் முன்பு, செப்டம்பர் 23 அன்று, மிசிசிப்பியில் ஒரு வெள்ளையர் ஜூரி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூடிப் பேசி, எம்மெட் டில் என்ற பையனைக் கொன்ற இருவரை விடுதலை செய்திருந்தது. எம்மெட்டுக்குப் பதினான்கு வயது. சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்கு வந்தவன், ஒரு கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்பது குற்றச்சாட்டு. உருத்தெரியாமல் சிதைந்த மகனின் முகத்தை ஊர் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார் தாய் மேமி. கறுப்பினப் பத்திரிகையான ஜெட் அந்தப் படத்தை வெளியிட்டது. மறு ஜனவரியில் கொலைகாரர்கள் இருவரும் காசு வாங்கிக்கொண்டு, ஆமாம், நாங்கள்தான் கொன்றோம் என்று இன்னொரு பத்திரிகைக்குச் சொன்னார்கள். ஒரே வழக்கில் இரண்டு முறை விசாரிக்க முடியாது என்ற சட்டம் அவர்களைக் காத்தது.

அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு எந்தத் திகில் புத்தகம் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கும்? பள்ளியில் அணுகுண்டுப் பயிற்சி என்று மேசைக்கு அடியில் தலையைக் கவிழ்த்து உட்காரச் சொன்னதும் இதே ஆண்டுகளில்தான். பிஞ்சைப் பழுக்க வைக்கும் கல் வீட்டுக்குள்ளும் பள்ளிக்குள்ளும் நீதிமன்றத்துக்குள்ளும் இருந்தது. பெரியவர்கள் அதைப் புத்தகக் கடையில் தேடினார்கள்.

கெயின்ஸின் கதையில் ஒரு மிச்சம் உண்டு. 1953இல் அவருடைய நிறுவனம் ஒரு விண்வெளிக் கதை போட்டிருந்தது. இயந்திர மனிதர்களின் கிரகம். ஆரஞ்சு நிறத்தவர்களும் நீல நிறத்தவர்களும் உள்ளே ஒரே பாகங்களால் ஆனவர்கள், மேலே பூசிய நிறம் மட்டும் வேறு. நீலத்தவர்களுக்கு நகரத்தின் மோசமான பகுதி, பஸ்ஸில் பின்பக்கம். பூமியிலிருந்து ஆய்வுக்கு வந்த விண்வெளி வீரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, விண்மீன் குடியரசில் சேர உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லிக் கிளம்புகிறார். கடைசிக் கட்டத்தில்தான் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். கறுப்பின மனிதர்; முகத்தில் வியர்வைத் துளிகள் நட்சத்திரங்களைப் போல மின்னுகின்றன. தணிக்கை வந்த பிறகு இதை மறுபடியும் அச்சிட அனுப்பியபோது, அந்த ஆள் கறுப்பராக இருக்கக் கூடாது என்று நெறிமுறை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ரத்தம் இல்லை, கோடாலி இல்லை, பேய் இல்லை. கதையின் உயிரே அதுதானே என்று வாதாடினார்கள். சரி, வியர்வையையாவது எடுத்துவிடுங்கள் என்று ஒரு பேரம். கெயின்ஸ் தொலைபேசியில் வசைபாடிவிட்டு, ஒரு கோடுகூட மாற்றாமல் அச்சிட்டார். 1956இல் வந்த அந்த இதழோடு அவருடைய காமிக்ஸ் வரிசை நின்றது. கோடாலி அட்டைக்கு வக்காலத்து வாங்கியவரை நான் முழுதாக மன்னிப்பது இந்த ஒரு தொலைபேசி அழைப்புக்காக.

ஃபார்ம்வில்லில் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு வந்தும் அந்த வட்டாரத்து நிர்வாகம் இழுத்தடித்தது. இனியும் தள்ளிப்போட முடியாது என்ற நிலை வந்ததும், 1959இல், கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வைப்பதைவிடப் பள்ளியே வேண்டாம் என்று எல்லா அரசுப் பள்ளிகளையும் பூட்டிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி உடனே முளைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினப் பிள்ளைகள் வெளியே நின்றார்கள். சிலரை உறவினர் வீடுகளுக்கு வேற்றூர் அனுப்பினார்கள்; சிலர் தேவாலய நிலவறையில் எழுத்துக் கூட்டினார்கள்; பலர் வயலுக்குப் போனார்கள். 1964இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே பூட்டு திறந்தது. ஆறு வயதில் பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய பிள்ளை பதினொரு வயதில் முதல் வகுப்பு வாசலில் நின்றது.

மான்ட்கோமரியில் பள்ளி முடித்த பார்பரா திருமணம் செய்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். ஏப்ரல் 23ஆம் தேதியைப் பற்றி அதிகம் பேசியவரில்லை. ஃபிலடெல்ஃபியாவில் பல ஆண்டுகள் பள்ளி நூலகராக வேலை பார்த்து, 1991இல் இறந்தார்.